நான்கு தட்டுகளும் கரீம் பாயும்

செய்தி கொண்டுவந்தவரை நான் முதலில் தலைகீழாகத்தான் பார்த்தேன். வேலூரில் என் கடையில் கருப்புத் துணிக்குள் தலையை விட்டு, தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவரின் மீசை தெளிவாக விழும்படி கேமராவை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தேன். எல்லாம் தலைகீழாகத் தெரியும் மங்கல் கண்ணாடியில், குமாஸ்தாவுக்குப் பின்னால் தோளில் லுங்கி மூட்டையோடு ஒருவர் வந்து நின்றார்.

"யாருய்யா அது, படத்துக்குள்ள வந்து நிக்கிறது?" என்று துணிக்குள்ளிருந்தே கத்தினேன்.

"குடியாத்தத்துலேர்ந்து வர்றேன் ஆச்சாரி. கரீம் பாய் போய்ட்டாரு. நேத்து சாயங்காலமே அடக்கம் பண்ணிட்டாங்க."

நான் துணிக்குள்ளேயே இருந்தேன். "இன்னா, இன்னும் எவ்ளோ நேரம்?" என்று குமாஸ்தா கேட்டார். அசையாதீர்கள் என்றேன். அந்தப் படத்தை எடுத்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். கல்நெஞ்சக்காரன் என்று அன்று கடையில் இருந்தவர்கள் பேசிக்கொண்டதாகக் கேள்வி. கரீம் பாய் என் நிலையில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். ஒருவர் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்கும்போது கேமராவை விட்டு வரக்கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் ஒருபோதும் வேற்றுமை இருந்ததில்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

குடியாத்தத்தில் அவருக்காக ஒரு கூட்டம் நடத்தினார்கள். என்னை அழைக்கவில்லை. போய்ப் பின்வரிசையில் நின்றேன். பேசியவர்களில் ஒருவர், "விலை உயர்ந்த லென்ஸ் கண்ணாடியின் மேல் வைத்த மோகத்தால் வளர்ந்த வீட்டையே இழந்தவர்" என்றார். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். அவர் சொன்னது உண்மையல்ல. பதினோரு வருடங்களுக்கு முன்னால் அதை முதலில் சொன்ன வாய் என்னுடையது. எனவே கரீம் பாயிடம் படம் எடுத்துக்கொண்டவர்களும், அவரை வீட்டு வாசலிலேயே நிறுத்திய உறவினர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதை நான் எழுதிவிடுகிறேன். அழகாக எழுத எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் படித்தவன் நான்.

நான் தச்சன் மகன். ஊர் மாறிப்போன ஒரு துரை விற்றுவிட்டுப்போன உடைந்த கேமராவைப் பிரித்துப் பார்த்து, அதே அளவில் தேக்கில் ஒன்று செய்து, அதைக் கொண்டே படம் எடுக்கக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. கரீம் பாய் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. தந்தை சீக்கிரமே போய்விட்டதால் பெரிய தந்தையின் வீட்டில் வளர்ந்தவர். தோல் வியாபாரம் பிடிக்காமல் வேலூருக்கு வந்து என்னோடு கூட்டுச் சேர்ந்தார். கேமராப் பெட்டியும் இருட்டறையும் என் பொறுப்பு. லென்ஸும், வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசுவதும் அவர் பொறுப்பு.

எங்களிடம் இருந்த லென்ஸ் எட்டு என்று எண் போட்டது. அது வெளிச்சத்தைச் சிக்கனமாக உள்ளே விடும். ஆகவே வருகிறவர்கள் வெகுநேரம் சிலையாக இருக்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி ஒன்றை நிறுத்தித் தலையை அசையாமல் பிடிப்போம். பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். குழந்தைகள் அசைந்துவிடுவதால் படத்தில் மூன்று தலை விழும். ஒரு நாள் ஒரு நெசவுக்காரர் தம் மகளின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எம் பொண்ணு எது பாய்? நடுவுல இருக்கறதா, ஓரத்துல இருக்கறதா?" என்று கேட்டார். கரீம் பாய் சிரிக்கவில்லை. அன்றே மதராஸ் கடையின் விலைப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டார்.

அவர் காட்டியது நாலரை என்று எண் போட்ட லென்ஸ். லென்ஸில் எண் சிறிதானால் வாய் பெரிது. வெளிச்சம் மூன்று மடங்கு உள்ளே வரும், உட்காரும் நேரம் மூன்றில் ஒன்றாகும். கையிலிருந்ததைக் கொண்டு ஒன்று அந்த லென்ஸை வாங்கலாம், அல்லது சீமையில் செய்த நல்ல கேமராப் பெட்டியை வாங்கலாம். இரண்டும் முடியாது.

"பெட்டிதான் முதல்ல பாய்" என்றேன். "பெட்டி ஆடினா எந்த லென்ஸும் குருடுதான். அதுவுமில்லாம உன் பெரிய வாய் லென்ஸுல கண்ணைத் தெளிவாக்கினா காது கரைஞ்சிபோவும்."

"காது கரைஞ்சா போவட்டும். ஆளைக் கண்ணை வச்சித்தானே கண்டுபிடிக்கிறோம்? ஆச்சாரி, படம் எடுக்கிறது லென்ஸு. பொட்டி இன்னா? சும்மா இருட்டு."

"அந்த இருட்டைக் கட்டிப்பாரு, தெரியும்."

இந்தப் பேச்சு ஒரு மாதம் நடந்தது. கடைசியில் அவர் சொன்ன ஒன்றுதான் என்னை மடக்கியது. "நம்ம லென்ஸுக்கு வெயில் வேணும். வெயிலுக்கு எழுந்து வர முடிஞ்சவனுக்கு மட்டும்தான் முகமா? கட்டில்ல கெடக்கிறவனுக்கு இல்லியா?" என்றார். லென்ஸை வாங்குவது, அதற்கேற்ற புதுப் பெட்டியை நானே செய்வது என்று முடிவாயிற்று. தோற்றுப்போய் ஒப்புக்கொண்டதாக அவர் நினைத்தார். நான் சீமைப் பெட்டியைவிட நல்லதாகச் செய்து காட்டுவது என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சமயம் பள்ளிகொண்டா ரங்கநாதர் தேரைச் சலனப்படம் பிடிக்க மதராஸிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே படச்சுருள் ஓடும் கேமரா. நாங்கள் இருவரும் மாட்டுவண்டியில் போய்ப் பார்த்தோம். கரீம் பாய் நேராக லென்ஸின் முன்னால் போய்க் குனிந்துவிட்டார்.

"யோவ் பாய், தள்ளு! உன் தாடி படத்துல வந்துடும்!" என்று அந்த மனிதர் கூச்சலிட்டார்.

"வரட்டுமே சார். பெருமாளுக்குப் பக்கத்துல ஒரு பாய் நின்னா உங்க படம் ஒரு வாரம் ஜாஸ்தி ஓடும்" என்றார் கரீம் பாய்.

மதராஸ்காரர் சிரித்துவிட்டார். தேர் நிலைக்கு வந்தபின் கேமராவைத் திறந்து காட்டினார். கரீம் பாய் லென்ஸின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தபோது நான் பெட்டியின் பொருத்துகளைப் பார்த்தேன். வெளிச்சம் கசியாதபடி விளிம்பெல்லாம் கருப்பு வெல்வெட் ஒட்டியிருந்தது. திரும்பி வரும்போது அதைக் குறைசொல்லிக்கொண்டே வந்தேன். வெல்வெட் தேய்ந்து நூல் உதிரும், தூசி பிடிக்கும். மெல்லிய ஆட்டுத்தோல் இருக்கும்போது துணி எதற்கு?

"தோலுக்கா பஞ்சம்? நம்ம ஷெட்டுலேர்ந்து நானே கொண்டாறேன். எங்க தோலு கப்பலேறி லண்டனுக்கே போவுது, உன் பொட்டிக்கு ஆகாதா?" என்றார்.

ஆம்பூர்க்காரரும் வேலூர்த் தச்சனும் சேர்ந்தால்தான் இப்படி ஒரு புத்தி வரும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் பேசாமல் வெல்வெட்டை வாங்கி ஒட்டியிருப்பான். எங்களுக்குத் தோல் என்றால் எதற்கும் ஆகும். அவர் கொண்டுவந்த தோல் காகிதம்போல் மெல்லியது. புதிதாகப் பதனிட்டது. கேமராவின் மடிப்புத் துருத்தியையும், படம் பதியும் கண்ணாடித் தட்டுகளை வைக்கும் மரச்சட்டங்களின் உள்விளிம்பையும் அதைக் கொண்டே செய்தேன். பகல் வெளிச்சத்தில் நிறுத்திச் சோதித்தேன். ஊசிமுனை அளவுகூடக் கசியவில்லை. தட்டை வைத்த கையோடு எடுத்த பத்துப் பன்னிரண்டு படங்களும் நன்றாக வந்தன. நான் செய்ததில் சிறந்தது அந்தப் பெட்டி. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

இனி ஆம்பூர் வீட்டு விஷயம். கரீம் பாயை வளர்த்த பெரிய தந்தையை வீட்டில் எல்லாரும் படே அப்பா என்பார்கள். மார்க்கத்துக்கு ஆகாது என்று வாழ்நாள் முழுவதும் படம் எடுத்துக்கொள்ளாதவர். அவருடைய ஒரே மகன் உஸ்மான் ரங்கூனில் வியாபாரத்தில் இருந்தார். படே அப்பாவுக்கு இரைப்பு முற்றியது. உடனே கிளம்ப முடியாத உஸ்மான், அப்பாவின் முகத்தை எப்படியாவது படமாக எடுத்து அனுப்பும்படி கரீம் பாய்க்குக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார்.

"என் முகத்தை அல்லா பாத்தாச்சு. உனக்கு எதுக்குடா அது?" என்று பெரியவர் மறுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருநாள், "சரி, உஸ்மானுக்காக. ஒரே தடவை. அப்புறம் பேஜார் பண்ணக்கூடாது" என்றார்.

செவ்வாய்க்கிழமை நான்கு தட்டுகளைச் சட்டங்களில் ஏற்றிக்கொண்டு போனோம். அன்று அவருக்கு மூச்சு முட்டியது. மறுநாள் மழை. அதற்கு மறுநாளும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தார்கள். அறை இருட்டு. பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கலாமென்றால் அந்தப் புகை அவர் உயிரைக் கொண்டுபோய்விடும். சின்ன ஜன்னல் ஒன்றின் வெளிச்சம்தான். அந்த அறைக்குத்தான் அந்த லென்ஸை வாங்கியிருந்தோம் என்றுகூடச் சொல்லலாம். நான்கு தட்டுகளையும் எடுத்தோம். பெரியவர் ஒரு தடவைகூட அசையவில்லை. முடிந்ததும், "அவ்ளோதானா? இதுக்கா இத்தினி வருசம் பயந்தேன்?" என்றார்.

வேலூருக்கு வந்து இருட்டறையில் தட்டுகளைக் கழுவினேன். முதல் தட்டில் முகம் தோன்றத் தொடங்கியது. தாடி தெரிந்தது. பிறகு நான்கு விளிம்புகளிலிருந்தும் கருமை உள்ளே நுழைந்து, கண்ணை மூடி, நெற்றியை மூடி, தட்டு முழுவதும் கறுத்துப்போனது. நான்கு தட்டுகளும் அப்படியே. ஆறாம் நாள் படே அப்பா இறந்துவிட்டார்.

உஸ்மான் கப்பலிறங்கி வந்தபோது அடக்கம் முடிந்து பல நாளாகியிருந்தது. முற்றத்தில் உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "படம் எங்கே கரீம்?" என்றுதான் முதலில் கேட்டார். கரீம் பாய் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் பேசினேன். பெட்டியில் குறையில்லை, வெயிலில் வைத்துச் சோதித்திருக்கிறேன், இந்தப் பெரிய வாய் லென்ஸ் வேண்டாமென்று தலைகீழாக நின்று சொன்னேன், உள்ளே வெளிச்சம் சிதறித் தட்டெல்லாம் பாழாகிவிட்டது, கேட்கவில்லை என்றேன். அப்போது அதை முழுக்க நம்பித்தான் சொன்னேன். நம்பாமல் சொல்லியிருந்தாலும் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருப்பேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

உஸ்மான் கரீம் பாயின் முகத்துக்கு நேரே வந்தார். "உன் ஷோக்குக்கு வாங்கின கண்ணாடியில எங்கப்பா முகத்தைத் தொலைச்சிட்டியா? இன்னொரு தடவை இந்த வாசல்ல கால் வைக்காதே."

கரீம் பாய் என்னைப் பார்த்தார். நாங்கள் கொண்டுபோயிருந்த கறுத்த தட்டுகளில் ஒன்றை எடுத்து மேல்துண்டில் சுற்றிக்கொண்டு வெளியேறினார். கூட்டும் அன்றோடு முறிந்தது. லென்ஸோடு அவர் குடியாத்தம் போனார். பெட்டி என்னிடம் நின்றது.

மூன்று மாதம் கழித்து அதே டேனரியில் வேலைசெய்த ஒருவர் புது மனைவியோடு படம் எடுக்க வந்தார். "விரல்ல மோதிரம் இருக்கே, கையை முன்னால வை, படத்துல தெரியும்" என்றேன்.

"அய்ய, அது வேணாம் ஆச்சாரி. வெள்ளி மோதிரம்தான். பாரு, இரும்பாட்டம் கறுத்துக் கெடக்குது. தோல்ல மயிரு எடுக்கறதுக்கு ஏதோ புது மருந்து போடறாங்க, அழுகின முட்டையாட்டம் நாறும். அது வந்ததுலேர்ந்து வெள்ளியை வுடமாட்டேங்குது. எல்லாரும் கழட்டி வச்சிட்டுதான் தொட்டிகிட்ட போறோம்."

தட்டின் மேல் பூசியிருப்பது வெள்ளி உப்பு என்பது எனக்குத் தெரியும். அவர்களை அனுப்பிவிட்டு, இரண்டு தட்டுகளைத் தோல் ஒட்டிய சட்டத்திலும், இரண்டை முன்பு பயன்படுத்திய, வெல்வெட் ஒட்டிய பழைய சட்டத்திலும் வைத்து ஐந்து நாள் பெட்டியில் பூட்டினேன். படமே எடுக்காமல் நான்கையும் கழுவினேன். வெல்வெட் சட்டத்துத் தட்டுகள் தெளிந்த கண்ணாடியாக வந்தன. மற்ற இரண்டும் விளிம்பிலிருந்து கறுத்தன, படே அப்பாவின் தட்டுகளைப்போலவே. செவ்வாய் முதல் ஞாயிறு வரை தட்டுகளைத் தின்றது என் பெட்டிக்குள் இருந்த தோல். லென்ஸ் ஒரு பாவமும் அறியாதது.

தோலைக் கிழித்தெறிந்துவிட்டு வெல்வெட் ஒட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் எழுதப்போவதில்லை. எழுதினால் அது நியாயம்போலத் தோன்றும்.

இரண்டு வருடம் கழித்துக் காட்பாடி ரயிலடியில் அவரைப் பார்த்தேன். அவர்தான் அருகில் வந்தார்.

"இன்னா ஆச்சாரி, பொட்டி எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது பாய்."

"தோலை மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்" என்றேன்.

"அச்சா" என்றார். அதற்குள் குடியாத்தம் போகும் வண்டி வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, "வெல்வெட்டா? நூல் உதிருமே!" என்று கேலியாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவருக்கு எப்போது தெரிந்தது என்று கேட்கும் வாய்ப்பு பிறகு வரவில்லை. வந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்.

இதைப் பெருந்தன்மை என்று சிலர் சொல்லக்கூடும். நான் சொல்லமாட்டேன். அவருடைய மௌனத்தின்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. பெரிய தந்தையின் டேனரித் தோல், தானே ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த தோல், படே அப்பாவின் முகத்தை அழித்தது என்று அந்த வீட்டில் போய்ச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதுதான் உண்மை என்று நினைக்கிறேன். அவர் என் கடைக்கு வந்து நடுத்தெருவில் என் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தால் அன்றே ஆம்பூருக்குப் போயிருப்பேன். மற்றவன் பேசட்டும் என்று இருவரும் காத்திருந்தோம். அவர் காத்திருந்ததற்கு விலை அவர் கொடுத்தார். நான் காத்திருந்ததற்கும் அவரே கொடுத்தார்.

கூட்டம் முடிந்த மறுநாள் ஆம்பூருக்குப் போனேன். உஸ்மான் பாய்க்கு இப்போது தாடி நரைத்துவிட்டது. டேனரியை அவர்தான் நடத்துகிறார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தத் தோலு எங்க ஷெட்டோடதா?"

"ஆமா."

"கரீமுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் தெருப் பக்கத்து ஜன்னலைக் காட்டினார். "ரம்ஜான் அன்னிக்குத் தெருமுனை வரைக்கும் வந்து நிப்பான். வருசா வருசம். கூப்பிடுவேன்னு பாத்துக்கினு நிப்பான். நான் ஜன்னலைச் சாத்திடுவேன்" என்றார்.

என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. நாக்கில் சரியாக வரவில்லை.

"பதினோரு வருசம் நீங்க தூக்கினு இருந்ததை இப்ப எறக்கி என் தலையில வச்சிட்டீங்க" என்றார். "அவன் இருக்கும்போது வந்திருந்தா ரெண்டு பேரும் சேந்து உங்களைத் திட்டியிருப்போம். இப்ப நான் யாரைக் கூப்பிடறது? போங்க ஆச்சாரி."

போனேன். இதை அச்சில் படிக்கும்போது அவருக்கு மேலும் வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் கரீம் பாய் லென்ஸ் மோகத்தால் வீட்டை இழந்தவர் என்று இனி ஒருவரும் பேசக்கூடாது. அவர் சரியான லென்ஸைத்தான் வாங்கினார். சரியான காரணத்துக்காகத்தான் வாங்கினார். அது அவர் மகளிடம் இருக்கிறது. குடியாத்தத்தில் கட்டிலை விட்டு எழ முடியாத எத்தனையோ பேரின் முகங்கள் அதனால் வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன.

அவருடையதாக என்னிடம் தங்கியிருப்பது ஒன்றே ஒன்று. லென்ஸின் மூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேரம் எண்ணும்போது அவர் உருதுவில்தான் எண்ணுவார். ஒன்பது வருடம் பக்கத்தில் நின்று கேட்டதில் என் வாய்க்கும் அதுவே பழகிவிட்டது. வீட்டில் அரிசி அளந்தால் தமிழில் எண்ணுகிறேன், மூடியைக் கழற்றினால் உருது வருகிறது. அவருடைய லென்ஸ் என்றால் நாலோடு முடிந்துவிடும். என்னிடம் இருக்கும் பழைய எட்டாம் எண் லென்ஸில் பன்னிரண்டு எண்ண வேண்டும். வேகமான லென்ஸ் இப்போது மலிவாகிவிட்டது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். வாங்கமாட்டேன்; வாங்கினால் அந்த எண்ணிக்கை குறைந்துவிடும். இன்று காலையும் ஒரு பெரியவரை அசையாமல் உட்காரவைத்து, ஏக், தோ, தீன் என்று தொடங்கி பன்னிரண்டான பாரா வரைக்கும், ஒன்றைக்கூட விடாமல் எண்ணினேன்.